ரெஸ்ட் எடு என்று அனுப்பிவைத்தேன்

இரண்டு வருடம் முன்பு, நல்ல கோடை. ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் லைன் லீடர். என் லைனில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள்; வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷனோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். முதல் கரு கலைந்து, இரண்டாவது தங்கி, அப்போது ஏழாம் மாதம். அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதாக எனக்கு ஒரு பெருமை வேறு! உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்திருந்தேன்.

அந்த வாரம் தொடர்ந்து மூன்று நாள் ஷிப்ட் முடிந்தும் அவள் கிளம்பவில்லை. ஓவர்டைம், ஓ.டி. வேண்டும் என்று வந்து நின்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாம்மா நீ, வவுத்துல புள்ளைய வச்சிக்கினு ஓ.டி. கேக்குற? வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

மூன்று நாளும் நானே கையைப் பிடித்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நாலாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் புளிசாதம் கட்டிக்கொண்டு அவள் ரூமுக்குப் போனேன். தெருமுனையிலேயே கண் எரிந்தது. ரூமுக்குப் பின்னால் காப்புக்காடு. அதில் பற்றிய தீயை அணைத்தும், அடிக்கட்டைகளும் சருகும் நாலு நாளாகப் புகைந்துகொண்டிருந்தன. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க என் நல்லதுக்குத்தான சொல்லுதீங்க. கம்பெனிக்குள்ள ஏசி காத்து சுத்தமா இருக்குன்னுதான்க்கா ஓ.டி. கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "காலைலேர்ந்து பிள்ள அசையவே இல்லக்கா. அவுக ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்னு இருக்கேன்" என்றாள்.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கர்ப்பிணிக்குப் புகையே ஆகாது, உள்ளே இருக்கும் குழந்தையையும் அது பாதிக்கும் என்று திட்டிக்கொண்டே டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது, குழந்தையின் இதயத்துடிப்பு. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அங்கிருந்து நேராக மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பிரசவம் வரை எங்களோடுதான் இருந்தாள். பெண் குழந்தை, நல்ல எடை.

இப்போதும் யாரையாவது ரெஸ்ட் எடுக்க அனுப்பினால், எங்கே போய் எடுப்பாய் என்று முதலில் கேட்கிறேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காத என் அன்பு, ஒரு பிஞ்சு உயிரைப் பறிக்கப் பார்த்ததே!