இன்னொரு தடவைக்காரர்

செய்து முடித்த வேலையை ஒருவன் மறுபடியும் போய்ப் பார்க்கிறான் என்றால் அது அக்கறையா, அவநம்பிக்கையா? சின்ன விமானங்களின் என்ஜின்களைப் பிரித்து மாட்டும் அந்த மெக்கானிக்கின் பின்னால் இந்தக் கேள்வி இருபத்திரண்டு வருடம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்ததில்லை. "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார், போய்ப் பார்ப்பார். அவர் வேலை பார்த்த விமானப் பயிற்சிப் பள்ளியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். "பூட்டை நாலு தடவை இழுத்துப் பாப்பாரு. அதுக்குள்ள நாங்க பஸ் ஸ்டாப்புக்குப் போய், பஸ்ஸையும் விட்டுட்டு, திரும்பி வந்துடுவோம்" என்பாள் மனைவி.

மனைவியின் தம்பியும் அதே பள்ளியில் மெக்கானிக். சுருட்டை முடிக்காரன், வாயும் கையும் ஒன்றையொன்று முந்தும். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம் அவனுக்கும் இருந்தது. ஆனால் மாமா இருக்கும் இடத்தில் அவன் பேனா மூடி திறந்ததே இல்லை. அவன் முடுக்கிய போல்ட்டை மாமா இன்னொரு தடவை முடுக்குவார். "அது பயந்துபோய் உள்ளயே ஒளிஞ்சுக்கும் மாமா, விடுங்க" என்பான். மாமா விட மாட்டார்.

பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பிரித்து மாட்டிய என்ஜின் முதல் தடவை பறக்கும்போது, கையெழுத்துப் போட்டவர் விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அந்தச் சட்டத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமை. கையெழுத்தோடு உயிரையும் வைக்கிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அன்று காலை வேலையை முடித்தது மச்சினன். பெட்ரோல் டாங்கிக்குள் காற்றுப் போவதற்கு இறக்கைக்குக் கீழே விரல் பருமனில் ஒரு குழாய் உண்டு. வேலை நேரத்தில் தூசி போகாமல் அதை அடைத்திருந்த சிவப்பு நாடா வால் வைத்த மூடியை எடுத்துப் பெட்டியில் போட்டான். பயிற்சி கொடுக்கும் பெண் விமானி, எல்லோருக்கும் கேப்டனம்மா, விமானத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மாமா கையெழுத்துப் போட்டார். அப்புறம், கேட்பானேன், இன்னொரு தடவை.

"வர்றீங்களா, இல்ல நான் ரிட்டையர் ஆனப்புறம் பறக்கலாமா?" என்று கேப்டனம்மா குரல் கொடுத்த பிறகுதான் ஓடிவந்து ஏறினார்.

நானூறு அடி உயரத்தில் என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது. அதுவரை சத்தத்துக்குள் மறைந்திருந்த காற்று, ஜன்னலோரம் தெளிவாகக் கேட்டது.

"திரும்பலாமா?" என்றார் மாமா.

"திரும்பினா ரெண்டு பேர் போட்டோவும் சுவத்துல. வாயை மூடிட்டுப் பெல்ட்டை இறுக்குங்க."

எதிரே பச்சைப்பசேல் என்று ஒரு முட்டைக்கோஸ் வயல். கேப்டனம்மா விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி நேராக அதில் இறக்கினார். முன்சக்கரம் ஒடிந்தது. விமானம் நாலு வரிசைக் கோஸை வாரிக்கொண்டு போய், மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது. இருவரும் கதவைத் திறந்துகொண்டு தூர ஓடி, நின்று, ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேப்டனம்மாவின் தலையில் ஒரு கோஸ் இலை. மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கேப்டனம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உயிரோடிருப்பதற்கு மனிதன் சொல்கிற முதல் நன்றி அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

வயல்காரி முழங்கால் சேற்றோடு வந்து நின்றாள். "ஏங்க, இறங்க வேற எடமே கெடைக்கலையா? நாளைக்கு அறுக்கணும்னு வச்சிருந்தேன்."

"உங்களுக்கு வேலை மிச்சம்க்கா. அறுத்தாச்சு" என்றார் கேப்டனம்மா.

அவளும் சிரித்துவிட்டாள். தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கொடுத்தாள். பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை என்று தெரிந்ததும், கேப்டனம்மா ஓர் ஓரமாய் நின்று பள்ளிக்குப் போன் செய்தார். மாமா மட்டும் விமானத்தின் பக்கம் நடந்தார்.

இறக்கைக்குக் கீழே குனிந்தவர் நிமிரவில்லை. காற்றுக் குழாயில் மஞ்சள் பனியன் துணி ஒன்று திணித்திருந்தது. அவர் துணி. காலையில் அந்தக் கடைசிச் சுற்றில், குழாயைச் சுற்றியிருந்த தூசியைக் காற்றடித்து ஊத நினைத்தார். உள்ளே போய்விடக் கூடாதே என்று பாக்கெட்டில் இருந்த துணியால் அடைத்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். டாங்கிக்குள் காற்றுப் போகவில்லை, பெட்ரோல் இறங்கவில்லை. சும்மா இருந்திருந்தால் விமானம் பறந்திருக்கும்.

வரப்பில் மோட்டார் பைக்கைப் போட்டுவிட்டு மச்சினன் ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "மாமா... ஒண்ணும் ஆகலையே? நான்தான் மாமா ஏதோ சொதப்பிட்டேன். எதுன்னுதான் தெரியல. கார்பரேட்டர்ல எதையாவது விட்டுட்டேனா?"

துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்துப் பாக்கெட்டில் போட ஒரு நொடி போதும். மச்சினன் உட்பட யார் கண்ணும் இறக்கைக்குக் கீழே இல்லை. போட்டிருந்தால் இனி எந்த நாளும் அந்தப் பையனின் வேலையை இன்னொரு தடவை பார்க்க ஊரே சம்மதித்திருக்கும். அவர் கை ஓர் அங்குலம் உயர்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

"இங்க வா மாப்ள" என்றார். "இது யார் துணி?"

அவன் குனிந்து பார்த்தான். "உங்க பையனோட பழைய பனியன்."

"தொடாத. விசாரணைக்கு வர்றவங்க பாக்கட்டும்."

அவன் நெஞ்சில் கைவைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வந்ததும் வாயும் வந்தது. "இருபது வருஷமா அக்கா சொல்லிட்டே இருக்கா மாமா. ஒரே ஒரு தடவை போதும்னு."

விசாரணை அதிகாரியிடம் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். ஆறு மாதம் கையெழுத்து உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். அவர் தினமும் வேலைக்கு வந்தார், பாகங்களைக் கழுவினார். தன்னைப் பற்றிய நகைச்சுவைகளில் சுமாரானவற்றைத் திருத்தியும் கொடுத்தார். வயல்காரி வாரம் ஒரு கோஸ் அனுப்பினாள், "இதுக்காக மேலேருந்து எறங்கி வர வேண்டாம்" என்று சொல்லி.

உரிமம் திரும்பிவந்த அன்று, அடிபட்ட அதே விமானமும் தயாராகி நின்றது. வேலை பார்த்தது மச்சினன். மேலாளர் பதிவேட்டை மாமாவின் முன் வைத்தார். அவர் அதை மச்சினன் பக்கம் தள்ளினார்.

"நெசமாவா?" என்றான் அவன். பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டான். "மாமா, எதுக்கும் ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வாங்களேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

மாமா விமானத்தைச் சுற்றவில்லை. விமானியின் பக்கத்து இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு, நேராகப் போய்ப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அங்கே வேலை பார்த்தார். ஒரு கையெழுத்தும் போடவில்லை. மச்சினன் கையெழுத்துப் போட்ட எந்த விமானத்தின் முதல் பறப்பையும் தவறவிடவில்லை. பயமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.