கனகலட்சுமி பிடித்த போர்டு

வெள்ளைத்துரை அண்ணனைப் போல ஃபால்ஸ் சீலிங் போட இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும். நான் வயரிங்காரன். அவர் மூடுவதற்குள் மேலே வயர் இழுத்து முடிக்க வேண்டும் என்பதால் பாதி வீடுகளில் அவரோடுதான் எனக்கு வேலை. பேச்சில் மட்டும் மனுசன் படு கஞ்சன்.

அவருக்குக் கையாள் அவர் மனைவி கனகலட்சுமி மதினிதான். ஆளுக்கொரு உயர ஸ்டூலில் ஏறி ஜிப்சம் போர்டைத் தூக்குவார்கள். மதினி தலையில் சும்மாடு வைத்து, இரண்டு கையையும் விரித்து, போர்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்பார். அண்ணன் ஒரு கையால் தாங்கிக்கொண்டே மறுகையால் ஸ்க்ரூ முடுக்குவார். தலையைத் திருப்ப முடியாது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவும் முடியாது.

அவர்களுடைய ஒரே மகன் ராம்கி பரவைப் பக்கம் பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனான். அதன் பிறகு வீட்டில் அவன் பேச்சே எழவில்லை. மதினி ஆரம்பித்தால் போதும், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தபந்தம் எல்லாம் பேசியது.

விளாங்குடியில் ஒரு வீட்டு வேலை. போர்டைத் தாங்கி நின்றபடியே மதினி திடீரென்று, "ராம்கி இருந்தா இந்நேரம் படிப்ப முடிச்சிருப்பான்ல?" என்றார். டிரில் சத்தம் நின்றது. எங்கே ஓடுவார் மனுசன்? கையை விட்டால் முழு போர்டும் மதினி தலையில் அல்லவா இறங்கும்! அண்ணன் போர்டைப் பார்த்தபடியே, "முடிச்சு வேலைக்கே போயிருப்பான்" என்றார்.

அன்றிலிருந்து போர்டுக்குப் போர்டு அவன் கதைதான். சால்னா பத்தவில்லை என்று பரோட்டாக் கடையில் அவன் போட்ட சண்டை, மீசை முளைக்காததற்கு அவன் பட்ட கவலை. சிரிப்பார்கள், அழுவார்கள். துடைக்கக் கை கிடையாது. கடைசி ஸ்க்ரூ ஏறியதும் இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல டீ குடிப்பார்கள். நான் காது கேட்காதவனாகிவிடுவேன்.

பிறகு மதினிக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து கை மரத்துப்போனது. தலையில் சுமை வைக்கவே கூடாது என்றார் டாக்டர். அண்ணன் துடித்துப்போய் ஒரு லிப்டர் வாங்கி வந்தார். சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டு. போர்டை அதன்மேல் படுக்கவைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், மேலே கொண்டுபோய் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆள் துணையே வேண்டாம். மதினிதான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். "இனிமே நீ வீட்ல நிம்மதியா இரு கனகு" என்றார் அண்ணன். மனசாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

வீட்டில் என்ன நிம்மதி? சாயங்காலம் மதினி வாயெடுத்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு மதினி வேலை நடக்கும் வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணன் கைப்பிடியைச் சுற்ற, போர்டு ஏறியது.

"ராம்கி இதப் பார்த்திருந்தா, நான்தான் சுத்துவேன்னு மல்லுக்கு நின்னுருப்பான்" என்றார் மதினி.

அண்ணன் கைப்பிடியை விட்டார். போர்டு அசையாமல் அங்கேயே நின்றது. "ஸ்க்ரூ வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். டப்பா நிறைய ஸ்க்ரூ கிடந்தது. மதினி அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே சோழவந்தானுக்கு, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

கூட்டிவரப் போகும்போது அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மதினி சண்டை போடவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே வந்து நின்றார்.

"வாரேங்க. வீட்ல பிள்ளையப் பத்தி ஒங்ககூடப் பேசணும், அம்புட்டுத்தான். இப்ப என் மூஞ்சியப் பார்த்து ஒருதரம் அவன் பேரச் சொல்லுங்க. பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். "சொல்லுங்கண்ணே!" என்று நான் சத்தமே போட்டுவிட்டேன். அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேச ஆரம்பித்தார். ராம்கி முதல்முதலாக நடந்தது, ராம்கிக்கு அம்மை போட்டது, ராம்கி ராம்கி என்று நிறுத்தவே இல்லை.

"இம்புட்டையும் அங்க சொல்லியிருக்கலாம்லண்ணே! எறங்குங்க, திரும்பிப் போவோம்."

"ராம்கிய உரிச்சு வச்ச மூஞ்சிடா அவளுக்கு" என்றார். "அதப் பார்த்துக்கிட்டு எப்படிடா தம்பி அவன் பேரச் சொல்லுவேன்?"