சட்டமா அதிபருக்கு ஒரு வாக்கு

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் குடியிருக்கும் மாநிலத்தில் தேர்தலாம். வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டதாம்.

"அக்கா, இங்க சட்டமா அதிபரையும் சனம்தான் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யிறது. ரெண்டு பேர் நிக்கினம். ஆருக்குப் போட எண்டு நீ சொல்லு."

கத்தியைக் கீழே வைத்தேன். எங்கள் தம்பியைக் குச்சவெளிக் கடற்கரையில் அடித்துக் கொன்று ஏழு வருடம். வலை போடும் இடத்துக்காக வந்த சண்டை. அடித்தவன் பிணையில் வந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனுமாகிவிட்டான். வழக்கு நகர வேண்டுமென்றால் கொழும்பில் அரசாங்கத்தின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபர் கோப்பைப் பார்த்து ஆலோசனை அனுப்ப வேண்டும். வழக்குத் தவணைக்குத் தவணை திருகோணமலை நீதிமன்றத்துக்கு பஸ் ஏறுவேன். "ஆலோசனை இன்னும் கிடைக்கவில்லை" என்பார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே அந்தப் பதவிக்கு யாரைப் போடுவது என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

"ஆர் கோப்பைக் கெதியாப் பாப்பாரோ அவருக்குப் போடு."

"அப்பிடியெல்லாம் இதில எழுதேல்லை அக்கா."

"அப்ப மேல இருக்கிற பேருக்குப் போடு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அங்கே இருந்து அழுவது சுலபம்.

என் பயம் வேறு. தம்பியை அடித்ததைக் கண்ணால் கண்டவர் ஒரேயொருவர்தான், அவனோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போன பெரியவர். சக்கரை வியாதி அவருடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அவர் கூண்டைப் பார்த்துக் கையை நீட்டி "இவன்தான்" என்று சொல்வதற்குள் கோப்பு வந்துவிட வேண்டும். அதற்காகக் கோயில்களில் நான் வைக்காத நேர்த்தியில்லை. இப்போதைக்கு அவர் வரத் தேவையில்லை என்றார்கள் நீதிமன்றத்தில். நான் விடவில்லை. சாட்சி இன்னும் இருக்கிறார் என்று அவர்கள் பார்க்கட்டும் என்றே ஒவ்வொரு தவணைக்கும் கூட்டிப்போனேன்.

போன தவணையன்று காலையில் தங்கை மறுபடி எடுத்தாள்.

"அக்கா, நீ சொன்ன ஆள் வெண்டிட்டார்!"

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "நல்லம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீதிமன்றத்தில் அதே பதில், அதே இரண்டு நிமிடம், இன்னொரு தவணை.

திரும்பும்போது பஸ்ஸில் சரியான சனம். குச்சவெளிக்கு இருப்பது ஒரே பாதை என்பதால் அடித்தவனும் எங்களோடுதான் வருவான். ஏழு வருடமாக அப்படித்தான். அன்றைக்கு அவன் முன் சீட்டில் இருந்தான். பெரியவர் கம்பியைத் தேடிக் காற்றில் தடவினார். பஸ் வெளிக்கிட, அவர் தடுமாறினார். நான் பிடிப்பதற்குள் அவன் எழும்பி அவருடைய கையைப் பிடித்துத் தன் இடத்தில் இருத்தினான்.

பெரியவர் முகத்தை நிமிர்த்தி, ஒரு முழ தூரத்தில் நின்றவனை நேராகப் பார்த்தார்.

"ஆர் தம்பி இது? நீ நல்லா இருப்பாய், மகன்."

அவன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். இனிக் கோப்பு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்பது அந்த பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது.