முதல் பெயர், கடைசிப் பெயர்

தி. நகரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எக்செல் என்றால் நான்தான். அடையாறில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே புதுக் கிளை திறக்கப்போகிறார்கள் என்றதும், அதற்குப் பொறுப்பாக என்னைத்தான் போடுவார்கள் என்று வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டேன். பஸ்ஸில் இடிபடும் பிழைப்பு ஒழிந்தது என்று அத்தனை சந்தோஷம்.

அப்போதுதான் வேளச்சேரியிலிருந்து அந்தப் பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

புதுக் கிளைக்குப் புது மென்பொருள். முதல் பெயர் ஒரு கட்டத்தில், கடைசிப் பெயர் இன்னொன்றில் இருந்தால்தான் அது வாங்கிக்கொள்ளும். எங்கள் நோயாளிகள் பட்டியலிலோ எல்லாம் ஒரே கட்டத்தில் கிடந்தது. இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். கல்யாணமான பெண்களுக்கு ஒரு தடவை அப்பா இனிஷியல், மறு தடவை வீட்டுக்காரர் இனிஷியல். நான் ஒவ்வொன்றாகக் கையால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க? கொஞ்சம் தள்ளுங்க" என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இடைவெளி இருக்கும் இடத்தில் வெட்டு என்று ஏதோ கட்டளை கொடுத்தாள். பட்டியல் முழுக்க இரண்டாகப் பிரிந்து நின்றது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "இன்னாம்மா இது, மேஜிக்கா கீது!" என்றார். என்னிடம் அவர் "பரவாயில்லை"க்கு மேல் சொன்னதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்குத் தலைமுடிகூட என்னைவிட அடர்த்தி.

சாப்பிடக்கூடப் போகாமல் அவள் பிரித்ததைத் துருவினேன். கிடைத்தது! முன்னால் நின்ற இனிஷியல்களெல்லாம் முதல் பெயர்க் கட்டத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. அவளையும் கூட்டிக்கொண்டுதான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், கவுன்டர்ல முதல் பேரைத்தானே கூப்பிடுவாங்க? 'எஸ்'னு ஒரு குரல் கொடுத்தா ஹாலே எழுந்து நிக்கும். யார் ரிப்போர்ட்டை யார்கிட்ட குடுக்கறது?"

அவள் முகம் தொங்கிப்போகும் என்று பார்த்தேன். அவளோ, "ஐயோ, ஆமாக்கா! எனக்குத் தோணவேயில்ல. தேங்க்ஸ்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றை எழுத்தையெல்லாம் கடைசிப் பெயருக்குத் தள்ளச் சொல்லி, காபி ஆறுவதற்குள் சரிசெய்தும்விட்டாள். அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதும்மா. பழைய லிஸ்டெல்லாம் இங்கதான் கீது, நீங்க இல்லாம இங்க ஓடாது. அடையாறுக்கு அந்தப் பொண்ணு போகட்டும்."

இப்போது காலையில் அடையாறு டெப்போவில் நான் தி. நகர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் வேளச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கையாட்டிவிட்டுப் போகிறாள். 'பாவம், அந்தப் பொண்ணு ஹோட்டல்ல சாப்பிடுது' என்று என் மாமியாருக்கு இரக்கம் பொங்கி, பாதி நாள் அவளுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சுடச்சுட ரசம் ஊற்றுகிறாராம். நான் தி. நகரில் டப்பாவைத் திறந்து, காலையில் கட்டிய தயிர்சாதத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது அவளே போன் பண்ணிச் சொல்கிறாள், "அக்கா, உங்க வீட்டு ரசம் சூப்பர்!"