வண்டி ஓடாத தீவுக்கு வள்ளம் விட்டேன்

கருவாட்டு மூட்டையை ஏற்றினால் அது கேள்வி கேட்காது. மனிதர்களை ஏற்ற ஆரம்பித்த அன்றைக்குத்தான் வள்ளத் தொழில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது.

எழுபதுகளில் மீன்பாடு மோசமான காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தூத்துக்குடிக் கரையிலிருந்து எதிரே கிடக்கும் மணல் தீவுக்கு உல்லாசப் பயணிகளைக் கொண்டுபோவேன். வள்ளத்தில் நானும் என் மச்சான் சேவியரும். தீவில் கார் கிடையாது, மாட்டுவண்டி கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது. கொஞ்சம் முள்ளு உடைமரம், மிச்சமெல்லாம் மணல். ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். பஸ் கண்டக்டர்களே, ஓட்டல் சர்வர்களே, பொதுஜனத்திடம் அகப்பட்ட என் சகோதரர்களே, நாம் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்?

மெத்தையோடு வந்தவர்

எட்டயபுரம் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், மனைவி, மாமியார், தகரப்பெட்டி, சுருட்டிய மெத்தை சகிதம் வந்தார். இரண்டு நாள் தங்கப் போகிறாராம். "தங்குததுக்கு அங்கன ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி" என்றேன். "எல்லாம் விசாரிச்சாச்சு, நீரு வள்ளத்த எடும்" என்றார்.

தீவில் இறங்கியதும் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். வெயில் ஏறியது. மாமியார் முனக ஆரம்பித்தார். நானும் சேவியரும் மெத்தையை உடைமர நிழலுக்குச் சுமந்தோம். முள் கிழித்துப் பஞ்சு பறந்தது. சாயங்காலம் மூவரையும் திரும்ப ஏற்றும்போது அவர் என்னைக் கோபமாகப் பார்த்துச் சொன்னார்: "வாரவன எல்லாம் நடக்க விட்டுப் பழக்கினா, எந்த டாக்ஸிக்காரன்வே இங்க வந்து ஸ்டாண்டு போடுவான்?"

முத்துக் குளித்தவர்

மதுரையிலிருந்து வந்த ஒரு ஆபீசருக்கு முத்து வேண்டும். முத்துக் குளிப்பெல்லாம் நின்று வருஷக்கணக்காகிறது, அதுவும் ஆழக்கடல் வேலை என்றேன். கேட்கவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த சிப்பிகளைப் பகல் முழுக்கப் பொறுக்கிப் பேனாக்கத்தியால் பிளந்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அந்த நாற்றத்தில், கடலிலேயே பிறந்து வளர்ந்த சேவியர் வாந்தி எடுத்தான். ஆபீசரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வள்ளத்தின் அடுத்த கோடிக்குப் போய் உட்கார்ந்து சொன்னார்: "முத்து கிடைச்சா நகையா போட்டுக்கிறேன், கிடைக்காட்டி வாசல்ல குளிச்சுட்டு உள்ள வாங்க."

பெண் பார்த்த கதை

ஏரல் பக்கம் வயல்காரர் ஒருவர், தன் மகள் செல்வியை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட எங்கள் தீவைத் தேர்ந்தெடுத்தார். கோயிலில் வைத்துப் பார்த்த இரண்டு சம்பந்தமும் கைகூடவில்லையாம். பையன் மெட்ராஸில் வேலை, அதனால் நாகரிகமாக இருக்கட்டும் என்று தரகர் யோசனை. ஏறும்போதே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதாவது அமையணும் அண்ணாச்சி, பாத்து ஓட்டும்."

போகும்போது எல்லாம் சிரிப்பும் பேச்சும்தான். திரும்பும் நேரத்தில் தண்ணீர் வற்றி, வள்ளம் மணல்திட்டில் உட்கார்ந்துவிட்டது. கடல் திரும்ப ஏறும் வரை நகராது. எல்லாரையும் திட்டில் இறக்கிவிட்டுத் தள்ளிப் பார்த்தோம், தோள்தான் வலித்தது. குடிக்க மிச்சம் ஒரே குடம் தண்ணீர். மாப்பிள்ளையின் தாயார் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, வள்ளத்துப் பாய் விழுத்திய ஒரே நிழலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தனக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டார். பெண் வீட்டார் வெயிலில் மரியாதையாக நின்றார்கள். நின்றுகொண்டே இருந்த செல்வியின் அத்தை கண் செருகிச் சரிந்தார்.

செல்வி யாரையும் கேட்கவில்லை. நேரே போய்க் குடத்தைத் தூக்கிவந்து அத்தையின் முகத்தில் தெளித்தாள், வாயில் விட்டாள். மாப்பிள்ளையின் தாயார், "பாக்க வந்த அன்னைக்கே கையிலேருந்து பிடுங்குதா, வீட்டுக்கு வந்தா?" என்று கத்த, பேச்சு முற்றி, கரை சேரும் முன்பே சம்பந்தம் முறிந்தது.

கரையில் அந்த வயல்காரர் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "உம்ம வள்ளத்துல ஏறினேனே" என்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மணலில் சொருகிவிட்டேனே என்று நின்றேன். அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட செல்வி, தகப்பனார் காதில் விழாதபடி என்னிடம் சொன்னாள்: "வருத்தப்படாதிய அண்ணாச்சி, கட்டிக்கிட்டு காலம்பூரா தெரிஞ்சுக்க வேண்டியத ஒரே மத்தியானத்துல காட்டிட்டிய."

தீவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி ஏறியவர்களில் தீவைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, எல்லாரையும் பார்த்துத் தொலைத்தது வள்ளக்காரன் மட்டும்தான்.