தண்ணீர் குடிக்காத பயணிகள்

சென்ற வாரம் தருமபுரி பேருந்து நிலையத்தில் பழைய நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். "லே வரைக்கும் போயிட்டு வந்தீங்களாமே... அங்க என்னங்க பார்த்தீங்க?" என்று கேட்டார். பனிமலை, சிந்து நதி, மன்னர்கள் வாழ்ந்த அரண்மனை - இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ வேறு.

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதப் பார்த்தேங்க" என்றேன்.

நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாசகர்களும் அவ்வாறே பார்க்கக்கூடும். ஆகவே விளக்குவது என் கடமையாகிறது.

கம்பைநல்லூரில் நாள்தோறும் காலை நடை செல்லும் நாங்கள் சிலர், எங்கள் மனைவியரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கோடையில் பெங்களூர் வரை வேனிலும் அங்கிருந்து விமானத்திலுமாக லடாக்கிலுள்ள லே நகருக்குச் சென்றோம். பதினோராயிரம் அடிக்கும் மேலான உயரம். கம்பளியும் தேயிலையும் ஏற்றிய வணிகக் கூட்டங்கள் ஒரு காலத்தில் இளைப்பாறிச் சென்ற பழம்பெரும் நகரம்.

என் அக்கா ராஜம்மாளும் உடன் வந்தார். தமிழும் கன்னடமும் ஒருசேரப் புழங்கும், பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் - காலஞ்சென்ற என் மாமா - ராணுவத்தில் லாரி ஓட்டினார்; லேயில் சில ஆண்டுகள் இருந்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம், "அங்க ஒம்பது மாடில ஒரு அரமனை இருக்குது. அதும்மேல ஏறி நின்னா நம்ம வூடு தெரியும்" என்று அக்காவைச் சீண்டுவாராம். அந்த மேல்தளத்தில் ஒருமுறை நிற்க வேண்டும். அக்காவின் ஆசை அவ்வளவே.

உயரத்தில் காற்று மெலிந்திருக்கும்; புறப்படும்போதிருந்தே தண்ணீர் நிறையக் குடியுங்கள், இறங்கிய நாளில் ஓய்வெடுங்கள் என்று பயண ஏற்பாட்டாளர் பலமுறை எச்சரித்திருந்தார். எங்கள் குழுவின் தலைவரைப் போல நடந்துகொள்ளும் கோவிந்தன் சிரித்தார். "நம்மூருத் தீர்த்தமல ஏர்றவங்களுக்கு இதெல்லாம் ஒரு மேடாங்க?"

லேயில் இறங்கிய அன்று நண்பகலுக்குள் அக்கா படுத்துவிட்டார். தலைவலி, வாந்தி, எழுந்தால் தள்ளாட்டம். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். விமானச் சாப்பாடு சேரவில்லை என்றார் ஒருவர். குளிர் என்றார் இன்னொருவர். கோவிந்தன் கண் திருஷ்டி என்றே முடிவு கட்டினார்.

எங்கள் வழிகாட்டி டோல்மா என்ற உள்ளூர்ப் பெண். அவர் எவருடைய முடிவுக்கும் காத்திராமல் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஆக்சிஜன் வைத்தார்கள். மருத்துவர் சொன்னது சுருக்கமானது - மறுநாள் காலைக்குள் தேறாவிட்டால் முதல் விமானத்தில் கீழே அனுப்பிவிட வேண்டும்.

அக்காவின் கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலில், குன்றின்மேல் அந்த அரண்மனை! அக்கா அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டோல்மா பெங்களூரில் கல்லூரி படித்தவர். அதனால் கன்னடம் அறிந்தவர். அக்காவின் தலையருகே குனிந்து, "நீரு குடித்ரா அம்மா?" என்று கேட்டார். தண்ணீர் குடித்தீர்களா... எங்களில் எவரும் அதுவரை கேட்டிராத கேள்வி.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கன்னடத்திலேயே பதில் சொன்னார். எனக்கும் ஓரளவு புரிந்தது. ஊரிலிருந்து கிளம்பியது முதல் தண்ணீரைத் தொடவே இல்லையாம். வழியில் ஒதுங்க இடமில்லையாம். விமானத்தில் இருந்த கழிப்பறைக்குள் போய், கதவு திறக்க வராமல் போனால் என்ன செய்வது என்று அங்கும் போகவில்லையாம்.

உயரம் பாதி, வறட்சி பாதி என்றார் மருத்துவர். ஊசி வழியே நீர் ஏறியது. வாய் வழியாகவும் குடிக்கச் சொன்னார்கள். அக்கா தலையசைத்தார், குடிக்கவில்லை. டோல்மா அறையின் மூலையில் இருந்த கதவைத் திறந்து, அங்கேயே கழிப்பறை இருப்பதைக் காட்டினார். தாழ்ப்பாளை இருமுறை போட்டுத் திறந்தும் காட்டினார். அதன் பிறகே அக்கா டம்ளரை வாங்கினார்.

விடுதிக்குத் திரும்பியதும் என் மனைவியிடம், "நீயாச்சும் குடிச்சியா?" என்று கேட்டேன்.

"ஒரு மொடக்கு. நாக்கு நனையறதுக்கு."

"ஏன்?"

"டீக்கடயக் கண்டா வண்டிய நிறுத்தறீங்க. எறங்கி ஆளுக்கொரு மரத்தடிக்குப் போறீங்க. நாங்க எங்கங்க போறது?"

அருகிலிருந்த கோவிந்தனின் மனைவியும் சேர்ந்துகொண்டார். கல்யாணத்துக்குப் போனாலும், தீர்த்தமலைக்குப் போனாலும் முதல்நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம். "இது என்ன அண்ணா, இன்னிக்கு நேத்தா?" என்றார். கோவிந்தன் தம் ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மீண்டும் போட்டார்.

எண்ணிப் பார்க்கிறேன். இந்தப் பயணத்துக்காக எத்தனை கூட்டம் போட்டோம்! ஜன்னல் இருக்கை யாருக்கு, முறுக்கு எத்தனை டப்பா, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும்... எல்லாம் பேசினோம். வண்டியை நிறுத்தும் அதிகாரம் எப்போதும் எங்கள் குரலிலேயே இருந்தது. பெண்கள் வழியெல்லாம் அமைதியாக வருகிறார்கள் என்று பெருமையும் பட்டிருக்கிறோம். அந்த அமைதியின் பெயர் தாகம் என்று யார் அறிந்தோம்?

மறுநாள் காலை அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சோதித்துவிட்டு, கீழே அனுப்பத் தேவையில்லை, இரண்டு நாள் ஓய்வு போதும் என்றார். அன்றைக்கு டோல்மாவைத் தன் பிள்ளை என்றே அக்கா அழைத்தார்.

அந்த ஓய்வு முடிந்ததும் அரண்மனைக்குப் போனோம். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு எழுப்பிய பெரிய வெற்று மாளிகை. தாழ்ந்த வாசல்கள்; இருண்ட படிகள். அக்கா நின்று நின்று, பாட்டிலைத் திறந்து திறந்து ஏறினார். மேல்தளத்தில் காற்று புடவையைப் பறித்தது. கீழே நகரம், நெட்டையான மரங்கள், அப்பால் பனி மூடிய மலைகள். அக்கா சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வூடு தெரியுதா?" என்றேன்.

"தெரியுது தம்பி. ஒன் வூட்டு மோட்டார நிறுத்தாம வந்திருக்கற... தொட்டி ரொம்பித் தண்ணி வழிஞ்சு ஓடுது" என்றார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மாமாவின் கேலிக்கு இத்தனை ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பும் வழியில், ஓசூர் தாண்டியதும் வேனின் பின்னிருக்கையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "வண்டிய நிறுத்துப்பா. பாத்ரூம் கழுவி வச்சிருக்கற பெட்ரோல் பங்க்கா பாரு."

இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் ஊரே வந்துவிடும் என்று கோவிந்தன் வாயெடுத்தார். அவருடைய மனைவி காலிப் பாட்டிலை அவர் மடியில் வைத்தார். "எறங்கிப் போயி இதுல தண்ணி புடிச்சிட்டு வாங்க."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக எங்கள் வண்டி, டீக்கடை இல்லாத ஓர் இடத்தில் நின்றது.