தலையில் தேய்த்த கட்டைவிரல்

கைரேகை எடுக்கிற மெஷினின் கண்ணாடியை உற்றுப் பார்க்காமல் நான் அதில் விரல் வைத்ததே இல்லை. பார்த்தால் குமட்டும். முன்னால் வந்தவர்களின் வியர்வை, தலை எண்ணெய், மூக்குப்பொடி என்று எல்லாம் படிந்து மங்கிப்போயிருக்கும். துடைக்க ஒரு துணிகூட எந்த ஆபீசிலும் இருக்காது.

முதலியார்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே டிபன் கடை நடத்துகிறேன். மாவு கரைப்பதும் புளி பிசைவதும் பாத்திரம் தேய்ப்பதுமாகவே இருந்து என் விரல்களில் ரேகை மழுங்கிவிட்டது. பேங்கில் போய்க் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். உடனே உள்ளே இருப்பவர், "தலையில தேச்சுட்டு வைங்கக்கா" என்பார். எண்ணெய்ப் பசை பட்டால் ரேகை எழும்பி வருமாம். ஊரே அப்படித்தான் செய்கிறது. வரிசையில் நிற்கும்போதே ஆளுக்கு ஆள் கட்டைவிரலை முடிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார்கள். அத்தனை தலையும் பட்ட கண்ணாடியில் நானும் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் கழுவினால்தான் மாவில் கை வைக்க மனசு வரும்.

தவளக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு சாயங்காலம், ரோட்டோரத்தில் பெரிய குடையை விரித்து ஒருத்தன் சிம் விற்றுக்கொண்டிருந்தான். என் பழைய நம்பரில் பேசினால் பாதி கேட்காது. போய் விசாரித்தேன். "ஆதார் நம்பர சொல்லிட்டுக் கைய வைங்கக்கா, அவ்ளோதான்" என்றான். மெஷினை எடுத்தவன், பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவிக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்தான். அப்படித் துடைத்தவனை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். நான் ஏமாந்தது அங்கேதான். இவ்வளவு சுத்தமாக இருக்கிறவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று என் சமையல்கட்டுப் புத்தி சொல்லிவிட்டது.

வைத்தேன். "பதியலக்கா, தலையில தேச்சுட்டு இன்னொரு தடவ வைங்க" என்றான். வைத்தேன். "திரும்பவும் பதியல" என்றான். மறுபடியும் வைத்தேன். என் விரலின் லட்சணம்தான் எனக்குத் தெரியுமே, சந்தேகமே வரவில்லை. முதல் தடவையே பதிந்துவிட்டது என்பதும், அடுத்தடுத்து வைத்த விரலில் என் பேரில் வேறு சிம்கள் கிளம்பிவிட்டன என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சில மாசம் கழித்து, கடை நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில் போலீஸ் வந்தது. மப்டியில் இரண்டு பேர்.

"உன் பேர்ல இருக்கிற நம்பர்லேர்ந்து பேசி வெளியூர்ல ஒருத்தர ஏமாத்தியிருக்காங்க. சிம் வாங்குனது நீதானே?"

"அந்த நம்பரே எனக்குத் தெரியாது சார்."

"கட்டவிரல் வெச்சிருக்கியேம்மா. அது யார் விரலு?"

இட்லியை விண்டுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சாம்பாரில் எதையோ தேடுகிறவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள். என் கையால் வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்கள். மறுநாள் பாதிப் பேர் வரவே இல்லை. வீட்டுக்காரராவது ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "கண்டவன்கிட்டல்லாம் நீ இன்னாத்துக்குக் கைய வெச்ச?" என்றார். போகிற ஆபீசிலெல்லாம் ஆளாளுக்கு வை, வை என்று சொல்லிப் பழக்கிய கை அது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

குடைக்காரனைத் தேடித் தவளக்குப்பம் போனேன். குடை இருந்த இடத்தில் ஒருத்தர் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் எழுதுகிற வேலை பார்த்தவர் மட்டும் என் மழுங்கின ரேகையின் கதையைக் கேட்டுக் கொஞ்சம் இரக்கப்பட்டார். "ஆதார் சென்டருக்குப் போயி உன் ரேகைய சோதிச்சு ஒரு சீட்டு வாங்கிட்டு வாம்மா. உன் விரலு பதியவே மாட்டுதுன்னு காட்டுனா, நீ இல்லன்னு பேசறதுக்கு எனக்கும் ஒரு பிடி கெடைக்கும்" என்றார். பதியாமல் போக வேண்டுமே என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே போனேன்.

சென்டரிலும் அதே அழுக்குக் கண்ணாடி. கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. மற்ற விரல்களை வைத்தேன். எல்லாம் சிவப்பு. என் வாழ்க்கையில் சிவப்பு விளக்கைப் பார்த்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"இத அப்படியே எழுதிக் குடும்மா, என் ரேகை பொருந்தலன்னு" என்றேன் மெஷினுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பொருந்தலன்னா சீட்டே வராதுக்கா. பொருந்துனாதான் வரும்."

"அப்ப நான் இல்லன்னு யாரு சொல்லுவாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. தலையில தேச்சுட்டு இன்னொரு தடவ வைங்க."

"சீக்கிரம் வைம்மா, எல்லாரும் நிக்கிறோம்ல" என்று பின்னாலிருந்து சத்தம். நான் யோசிப்பதற்குள் என் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது. குடைக்காரனை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அருவருப்பு வருவது, பழக்கின மாடுபோல ஏறிப்போன அந்தக் கையை நினைத்தால்தான். தேய்த்தேன். வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களாக்கா, நீங்கதான்!" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.